பெர்க் முகாமுக்குக் கைக்கோடாரி: எது வாங்குவது?

சாட்ஸ்வொர்த்_அப்பா:
ஜூலை விடுமுறையில் பையன்கள் இருவரையும் நம் தென்னாப்பிரிக்க டிராக்கன்ஸ்பர்க் (பெர்க்) மலைக்குக் கூட்டிப் போகிறேன். இஞ்சிசுதி முகாமில் இரண்டு இரவு, அப்புறம் மேலே குகையில் ஓர் இரவு. கடையில் இரண்டு கைக்கோடாரி பார்த்தேன். ஒன்று பிஸ்கார்ஸ் எக்ஸ்7, நார்ப் பிளாஸ்டிக் காம்பு, மொத்தம் 640 கிராம் போல. மற்றது மரக்காம்பு, தலை மட்டுமே 600 கிராம். மலையேறச் சுமப்பதற்கு எது நல்லது?

மாரிட்ஸ்பர்க்_அக்கா:
தம்பி, குகைக்குக் கோடாரியே வேண்டாம். அந்த மலைக்குள் தீ மூட்டக் கூடாது. ஜூலைக் குளிர்காலத்தில் புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். கேஸ் அடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்; கோடாரி காரிலேயே இருக்கட்டும். அப்போது எடைக் கவலையும் இல்லை.

கீழே முகாமில் எரிக்கப் பெரும்பாலும் வாட்டில் விறகுதான் கிடைக்கும். நீலகிரிப் பக்கம் சீகை என்பார்களே, அந்த மரம்தான். காய்ந்தால் அவ்வளவு கெட்டி. மெல்லிய வாய் அதில் சிக்கிக்கொள்ளும். தலையின் கன்னம், அதாவது பக்கவாட்டு, தடித்திருந்தால் ஆப்பு மாதிரி விரித்துப் பிளக்கும். விறகை அங்கேயே வாங்குங்கள், வீட்டிலிருந்து ஏற்றிப் போகாதீர்கள். 2017இல் எங்கள் ஊர்த் தாவரவியல் பூங்காவில் கண்டுபிடித்த, மரத்தைத் துளைத்துக் கெடுக்கும் துளைவண்டு விறகோடுதான் ஊர் ஊராகப் போகிறது.

மரக்காம்பு வாங்கினால் காம்பின் அடியைத் திருப்பிப் பாருங்கள். மரத்தின் ரேகைகள் வாய் இருக்கும் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஒருநாள் முறியும். மூன்று வருடம் முன்பு, கோடையில் இறுக்கமாக இருந்த என் கோடாரியின் தலை, பெர்க்கின் வறண்ட குளிரில் காம்பு சுருங்கிக் கழன்று, மகள் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தாண்டி விழுந்தது. இப்போதும் நினைத்தால் வயிறு கலங்குகிறது. அதனால் கிளம்பும் முன் ஆளிவிதை எண்ணெய் தடவி, தலைக்குள் காம்பை இறுக்கும் ஆப்பை அடித்து இறுக்குவேன். தண்ணீரில் ஊறவைத்தால் அன்றைக்கு மட்டும்தான் இறுகும்.

பிள்ளைகள் கூட இருப்பதால் எக்ஸ்7 எடுங்கள். அதன் தலையைச் சுற்றியே காம்பை வார்த்திருக்கிறார்கள், ஆப்பே கிடையாது.

ஃபீனிக்ஸ்_தாத்தா:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். குட்டைக் காம்பை நின்றுகொண்டு வீசினால், தவறிய வீச்சு நேரே முழங்காலுக்கு வரும். மண்டியிட்டு வெட்டினால் மண்ணில் விழும். பையன்களுக்கு முதல் பாடமே அதுதான்.

சாட்ஸ்வொர்த்_அப்பா:
நன்றி அக்கா, நன்றி தாத்தா. எக்ஸ்7 வாங்கிவிட்டேன். பெரியவனுக்கு வயது 11. சுள்ளி பிளக்க விடலாமா தாத்தா, இல்லை பார்க்க மட்டுமா?

ஃபீனிக்ஸ்_தாத்தா:
இந்த முறை கட்டை எடுத்து வைக்கட்டும், வெட்டுவது நீங்கள். எடுத்து வைத்ததும் நன்றாகத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.