ஓட்டத்திலிருந்து நடைக்குத் திரும்பும்போது தாளம் பிசகுகிறது

சுவிஸ் இசையாசிரியர் எமில் ஜாக்-டால்குரோஸ் (1865–1950) வகுத்த, உடல் அசைவின் வழியே இசையைக் கற்பிக்கும் யூரித்மிக்ஸ் முறையில், 8 வயதுப் பிள்ளைகள் 36 பேருக்கு மூன்று மாதங்களாகத் தாளம் கற்பித்து வருகிறேன். ஒரு தட்டுக்கு ஒரு காலடி வைத்து நடப்பதும், இரண்டு காலடி வைத்து ஓடுவதும் தனித்தனியே நன்றாக வருகின்றன. ஆனால் ஓட்டத்திலிருந்து நடைக்குத் திரும்பியதும் வேகம் கூடிவிடுகிறது.

சீரான தட்டை ஒலிக்கும் மெட்ரோனோம் கருவியை நிமிடத்துக்கு 100 தட்டு என வைத்துப் பார்த்தேன். அதை யாரும் காதில் வாங்கவே இல்லை. ஓடும்போது கைகளால் தட்டைப் பிடிக்கச் சொன்னால், கைகளும் கால்களோடு சேர்ந்து ஓடுகின்றன. ஒருநாள் பியானோவை நிறுத்திவிட்டுக் கவனித்தபோதுதான், முன்னால் செல்லும் ஒரு சிறுமியின் காலணிச் சத்தத்தைக் கேட்டே பாதிப் பேர் அடியெடுத்து வைக்கிறார்கள் என்பது புரிந்தது. ஒன்பது ஒன்பது பேராகப் பிரித்தால் ஓரளவு சரியாகிறது; எனினும் 40 நிமிடப் பாடவேளை அதற்குப் போதவில்லை.

நான் பெற்ற பயிற்சி இரண்டு நாள் பட்டறை மட்டுமே. அதில் மாணவர்களாக நடந்தவர்கள் அனைவரும் தேர்ந்த இசைக்கலைஞர்கள் என்பதால், இந்தச் சிக்கல் அங்கே எழவே இல்லை.

முழு வகுப்பையும் ஒன்றாக நடக்கவைத்தபடியே, ஒவ்வொரு பிள்ளையும் அடுத்தவரைப் பார்க்காமல் தட்டைத் தன் உடலில் தக்கவைத்துக்கொள்ள, நீங்கள் வகுப்பில் செய்து பலன் கண்ட பயிற்சி எது?