விண்டோஸ் 10-இலிருந்து லினக்ஸுக்கு மாறினால் பழைய பாமினிக் கோப்புகள் என்னவாகும்?

கேள்வி (மன்னார்குடி):
இருபத்திரண்டு ஆண்டுகளாக டிடிபி கடை நடத்தி வருகிறேன்; திருமண அழைப்பிதழும் குடமுழுக்குப் பத்திரிகையும்தான் முக்கால்வாசி வேலை. கடையின் இரண்டு கணினிகளும் நான்காம் தலைமுறை ஐ3 செயலி கொண்டவை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11-ஓ, இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்கிறது. நன்றாக ஓடும் கணினிகளைக் காயலான் கடைக்குப் போட மனம் வரவில்லை. பழுது பார்ப்பவர் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவித் தருவதாகச் சொல்கிறார். பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பாமினி எழுத்துருவில் சேர்த்து வைத்திருக்கும் கோப்புகள் அதில் திறக்குமா? தட்டச்சுப்பொறி முறையில் பழகிய என் விரல்களுக்கு அங்கே வழி உண்டா?

பதில் 1 (கும்பகோணம்):
ஐயா, நானும் இதே தொழிலில்தான் இருக்கிறேன். சென்ற ஆண்டு மாறினேன். உங்கள் சிக்கல் லினக்ஸில் இல்லை, பாமினியில் இருக்கிறது. பாமினியில் நீங்கள் ‘தமிழ்’ என்று அடித்தால், கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அவற்றுக்குத் தமிழ் வடிவம் தருவது எழுத்துரு மட்டுமே. ஆகவே பாமினியை லினக்ஸிலும் நிறுவிக்கொண்டால் தமிழ் தெரியும். பேஜ்மேக்கருக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. ஆனால் லிப்ரெஆபிஸ் டிரா என்ற மென்பொருள் அதன் கோப்புகளைத் திறக்கும், பக்க அமைப்புதான் பல இடங்களில் கலைந்துவிடும்.

எழுத்துருவை மாற்றினாலும் தமிழாகவே நிற்கும் யுனிகோடு முறைக்கு மாற்றித் தரும் கருவிகள் உள்ளன. ஆனால் மாற்றியதை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடாதீர்கள். அழைப்பிதழில் மணமகன் பெயருக்குப் பின்னால் ஆங்கிலத்தில் நிற்கும் பட்டத்தையும் அந்தக் கருவி பாமினி என்று எண்ணிப் பொருளற்ற தமிழெழுத்துகளாக்கிவிடும். எனக்கு அப்படி ஒரு பொறியாளரின் பட்டம் மெய்ப்பு பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. பெண் வீட்டார் கைக்குப் போயிருந்தால் என் கடைப் பெயர் என்னவாகியிருக்கும்! மறுபடி தேவைப்படும் கோவில் பத்திரிகைகளை மட்டும் மாற்றுங்கள். மற்றவற்றை விண்டோஸ் இருக்கும்போதே பிடிஎஃப் ஆக்கி வைத்துவிடுங்கள்.

பதில் 2 (திருவாரூர்):
தட்டச்சு பற்றி மட்டும் சொல்கிறேன். மின்ட்டில் ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையுடன் எம்17என் தொகுப்பையும் நிறுவினால், தமிழ்99, ஒலிபெயர்ப்பு ஆகிய விசைப்பலகை முறைகளோடு தட்டச்சுப்பொறி முறையும் கிடைக்கும். உங்கள் விரல்கள் புதிதாகப் பழக வேண்டியதில்லை. திரையில் வருவது மட்டும் பாமினியாக இல்லாமல் யுனிகோடாக இருக்கும். எதையும் அழிப்பதற்கு முன் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, உங்கள் பிரிண்டரில் ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள். எனக்கு ஸ்கேனர்தான் இரண்டு நாள் அலைச்சல் வைத்தது.

பதில் 3 (மயிலாடுதுறை):
இரண்டு கணினிகளையும் ஒரே நேரத்தில் மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அழைப்பிதழ் வேலையில் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளும் வந்துவிடும். அதற்கு இப்போது லினக்ஸ் பதிப்பு இல்லை. ஒரு கணினியில் விண்டோஸ் 10-ஐயும் பேஜ்மேக்கரையும் அப்படியே விட்டு, இணைய இணைப்பைக் கழற்றிவிடுங்கள். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவ்களை அதில் செருகவே கூடாது. அவற்றையும் மின்னஞ்சல், வாட்ஸ்அப் போன்றவற்றையும் மின்ட் நிறுவிய மற்றொன்றில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய வேலைகளுக்கு அதில் ஸ்கிரைபஸ் 1.6 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் போதும், தமிழ் யுனிகோடு எழுத்துகள் அதில் உடையாமல் வருகின்றன. இணையத்தைக் கழற்ற முடியாது என்றால், விண்டோஸ் 10-க்கான நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பில் பதிந்துகொள்ளலாம். ஆனால் அதுவும் 2026 அக்டோபர் 13 வரைதான்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. மார்கழியில் முகூர்த்தம் இல்லை, கடையில் ஈ ஓட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். முன்பக்கக் கணினியில் அப்போது மின்ட் நிறுவிக்கொள்கிறேன். தை பிறந்துவிட்டால் சோதனை செய்து பார்க்க எனக்கு நேரம் இருக்காது. பேஜ்மேக்கர் உள்ள கணினியின் இணைய வயரை இன்று மாலையே பிடுங்கிவிட்டேன். கும்பகோணத்து நண்பர் எந்த மாற்றியைப் பயன்படுத்துகிறார் என்று சொன்னால், முதலில் எங்கள் தெருப் பிள்ளையார் கோவில் பத்திரிகையை அதில் போட்டுப் பார்ப்பேன். அதில் யாருக்கும் பட்டம் இல்லை.