ஊருக்குள் புது வீடுகள் வந்தபோது என்ன நடந்தது? பார்த்ததைச் சொல்லுங்கள்

மேட்டுக்கழனி:

எங்கள் ஊரில் இப்போது ஒரு மனைப்பிரிவு வரைபடம் கைமாறிக்கொண்டிருக்கிறது. ஊருக்கு மேற்கே இருக்கும் வயலில் எண்பது வீடுகள். வேண்டும் என்று ஒரு கட்சி, வேண்டாம் என்று ஒரு கட்சி. இந்த இழையில் கட்சி கட்ட வேண்டாம். உங்கள் ஊரில் வீடுகள் வந்தபோதோ, வராமல் தடுத்தபோதோ கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எதிர்ப்பு மனு ஒன்றை வாசித்தார்கள். முதல் காரணம், பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை, இன்னும் பிள்ளைகள் வந்தால் தாங்காது என்பது. பின்வரிசையில் இருந்த தலைமையாசிரியர் எழுந்தார். "இடம் நிறையவே இருக்கிறது. பிள்ளைகள்தான் இல்லை. மூன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்துகிறோம்" என்றார். மனு வாசித்தவருக்கு அது தெரியாது. அவர் பிள்ளைகள் படித்து முடித்து வெளியூர் போய் வெகுகாலம் ஆகிவிட்டது.

இரண்டாவது காரணம், ஊரின் தன்மை கெட்டுவிடும் என்பது. எந்தத் தன்மை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வந்தது. ஓட்டுக்கூரை என்றார் ஒருவர், அமைதி என்றார் இன்னொருவர், மரங்கள் என்றார் மூன்றாமவர். கூட்டம் அதோடு கலைந்தது. எதைக் காப்பாற்ற வேண்டும் என்று தெரியாமல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றுகிறது.

தாழ்வாரம்:

வீட்டு வரைபடம் போடுவது என் தொழில். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பழைய ஊரை ஒட்டிப் புது வீடுகள் கட்டும் வேலை வந்தது. ஊர்க்காரர்கள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: எங்கள் ஊர் மாதிரியே இருக்க வேண்டும். சரி என்று சாய்வுக்கூரை, அதே நிற ஓடு, அதே அளவு சன்னல், மரக்கதவு எல்லாம் வைத்தோம். முடிந்ததும் தனி வீட்டைப் படம் எடுத்தால் அச்சு அசல் பழைய வீடு. தெருவில் நடந்தால் ஏதோ நகரத்தின் ஓரத்தில் இருப்பது போலிருந்தது. ஊர்ப் பெரியவர்கள் வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று இழுத்தார்கள். அந்த இழுப்பின் அர்த்தம் எனக்கும் புரிந்தது, காரணம்தான் பிடிபடவில்லை.

அப்புறம் நாடாவை எடுத்துக்கொண்டு பழைய தெருவை அளந்தேன். எதிரெதிர் வாசல்களுக்கு நடுவே ஐந்து மீட்டர். வீடுகள் நேராகத் தெருவிலேயே நிற்கின்றன, பக்கத்துச் சுவர்கள் ஒட்டியிருக்கின்றன. புதுத் தெருவில் சாலை ஒன்பது மீட்டர், முன்னால் விட வேண்டிய இடம் பக்கத்துக்கு மூன்று மீட்டர், ஆக மொத்தம் பதினைந்து. விட்ட இடத்தில் ஒவ்வொருவரும் மதில் எழுப்பி, கேட் போட்டு, காரை உள்ளே நிறுத்திவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரரிடம் பேசவே குரலை உயர்த்த வேண்டும். ஓடும் சன்னலும் இந்தப் பதினைந்து மீட்டரை என்ன செய்ய முடியும்?

சாலை ஏன் அவ்வளவு அகலம் என்று விசாரித்தால் எப்போதும் ஒரே பதில்: தீயணைப்பு வண்டி திரும்ப வேண்டும், குப்பை வண்டி திரும்ப வேண்டும். முட்டுச்சந்தாகப் போட்டால் திரும்பத்தான் வேண்டும். அடுத்த வேலையில் சந்தின் மறுமுனையையும் திறந்துவிட்டோம். வண்டி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போகலாம். பிரிட்டன் வழிகாட்டுதலில் தீயணைப்பு வண்டி செல்லும் வழிக்கு 3.7 மீட்டர் அகலம்தான் கேட்கிறார்கள். கார்களை வீடுகளுக்குப் பின்னால் ஒரே இடத்தில் நிறுத்தினோம், மதில் சுவருக்கு அனுமதி இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடைபாதை விட்டோம். செலவைக் குறைக்க அங்கே ஓடுகூடப் போடவில்லை. ஆனால் அந்தத் தெருவில்தான் சாயங்காலம் ஆட்கள் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. பழைய தெருவில் பெரிய வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒற்றை அறை வீடு இருக்கும். புதுப் பிரிவுகளில் எல்லா மனையும் ஒரே அளவு. ஒரே அளவு என்றால் ஒரே விலை, ஒரே வயதுக் குடும்பங்கள் வந்து சேர்கின்றன. பிள்ளைகளெல்லாம் ஒன்றாகப் பள்ளிக்கு வருவார்கள், ஒன்றாகவே முடித்துப் போவார்கள். மேட்டுக்கழனி ஐயா, உங்கள் தலைமையாசிரியர் சொன்ன குறை எண்பது வீடு வந்தால் தீரும். எண்பதும் ஒரே அளவாக இருந்தால் கொஞ்ச காலம் கழித்து மறுபடி வரும். மனை அளவுகளைக் கலந்து போடச் சொல்லுங்கள்.

மைல்கல்:

எங்கள் ஊரில் யாரும் திட்டம் எதுவும் போடவில்லை. அதுதான் பிரச்சினையே. நெடுஞ்சாலையை ஒட்டி ஒருவர் பின் ஒருவராக வீடு கட்டினார்கள், ஏனென்றால் சாலை, மின்சாரம் எல்லாம் ஏற்கெனவே இருந்தது. இப்போது ஊர் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. பின்னால் இருக்கும் வயலுக்கு டிராக்டர் போக வழி இல்லை. இது புதிய வியாதியும் இல்லை. பிரிட்டனில் 1935-லேயே இந்தச் சாலையோர வரிசை வீடுகளைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் போட்டார்கள். 'பெரிய மனைப்பிரிவு வேண்டாம்' என்று மட்டும் போராடுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். ஒவ்வொன்றாக வரும் வீட்டுக்கு யாரும் கூட்டம் போடுவதில்லை.

ஓடைக்கரை:

மேற்கு வயல் என்கிறீர்கள். அது மேடா, பள்ளமா?

எங்கள் ஊரில் ஒரு தாழ்வான நிலம் காலங்காலமாகச் சும்மா கிடந்தது. ஊருக்கு இவ்வளவு அருகில் இருந்தும் முன்னோர் அங்கே வீடு கட்டவில்லை. மழைநீர் வந்து நின்று, மெல்ல வடிந்து, ஓடையில் சேரும் இடம் அது. மண் அடித்து மேடாக்கி வீடு கட்டினார்கள். கூரையிலும் கான்கிரீட்டிலும் விழும் மழை மண்ணுக்குள் இறங்காது, உடனே வழிந்து ஓடும். புது வீடுகளில் ஒரு சொட்டு நிற்கவில்லை. பழைய தெருவில் முழங்கால் அளவு நின்றது. கட்டியவர்கள் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள், புது வீட்டுக்காரர்களைக் குறை சொல்லியும் பயன் இல்லை.

கிணற்றையும் கழிவுநீரையும் கவனியுங்கள். கிணற்றுக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் குறைந்தது 15 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்று பல நாட்டு விதிகள் சொல்கின்றன, சில இடங்களில் இன்னும் அதிகம். மனையின் அகலமே பத்து மீட்டர் என்றால், உங்கள் தொட்டியை எங்கே வைத்தாலும் அது பக்கத்து வீட்டுக் கிணற்றை நெருங்கும். பழைய ஊரில் வீடுகள் நெருக்கமாக இருந்தும் சமாளித்ததற்குக் காரணம் பொதுக்கிணறு ஒன்று தள்ளி இருந்ததுதான். எண்பது வீட்டுக்கு எண்பது ஆழ்துளைக் கிணறும் எண்பது தொட்டியும் என்று வரைபடத்தில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பொதுவான குடிநீரும் பொதுவான சுத்திகரிப்பும் எழுத்தில் வரட்டும். கூரை நிறத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

கிழக்குச்சன்னல்:

நான் அந்தப் பக்கத்து ஆள். புது வீட்டில் குடியேறியவள். எங்களைப் பற்றி நிறையப் பேசுகிறீர்கள், அதனால் ஒரு வார்த்தை.

வந்த புதிதில் எங்கள் பகுதியில் ஒருவர், விடியற்காலை சேவல் கூவுகிறது, டிராக்டர் சத்தம் போடுகிறது என்று புகார் எழுதினார். ஊரே எங்கள் எல்லாரையும் அந்த ஒருவராகப் பார்த்தது. பிரான்சில் இப்படி ஒரு சேவல் வழக்கே நடந்தது. 2019-ல் நீதிமன்றம் சேவல் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2021 தொடக்கத்தில் கிராமப்புறத்தின் ஒலிகளையும் வாசனைகளையும் பாரம்பரியமாக ஏற்கும் சட்டமே வந்துவிட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் எங்கள் ஊரில் தகராறு தீர்ந்தது வேறு விதமாக. வீடு விற்கும்போதே 'அறுவடைக் காலத்தில் இரவிலும் வண்டி ஓடும், எருவின் வாசனை வரும்' என்று வாங்குபவரிடம் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார்கள். தெரிந்து வந்தவர் யாரும் புகார் எழுதவில்லை.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊர்ப் பொதுவேலைக்கு எங்களைக் கூப்பிடுவதே இல்லை. வராதவர்கள் என்று பிறகு சொல்கிறார்கள். தாழ்வாரம் அண்ணா சொன்ன அந்த நடைபாதை எங்களுக்கு இல்லை. ஊருக்குள் வர பெரிய சாலையைச் சுற்ற வேண்டும். நடந்து வரும் வழி இருந்தால் பாதித் தூரம்கூட இல்லை.

பூட்டுச்சாவி:

எல்லாரும் வீடு வந்த கதை சொல்கிறீர்கள். நான் வராத கதை சொல்கிறேன்.

எங்கள் ஊரில் கடுமையான விதி. புதுக் கட்டடமே கூடாது, பழையதை இடிக்கவும் கூடாது. ஊர் அழகாக இருக்கிறது, வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். வீடுகள் எண்ணிக்கையில் கூடாததால் விலை ஏறியது. வாங்கியவர்கள் விடுமுறைக்கு மட்டும் வருகிறவர்கள். என்னோடு படித்தவர்களில் ஊரிலேயே வேலை பார்ப்பவர்கள் தினமும் வெளியூரிலிருந்து வந்து போகிறார்கள். ஆள் இல்லாததால் பேருந்தைக் குறைத்துவிட்டார்கள். ஓடு ஒன்றுகூட மாறவில்லை, ஊர் மட்டும் காலி.

இதற்கு மருந்து தேடியவர்களும் இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் 2012-ல் பொதுவாக்கெடுப்பு நடத்தி, எந்த ஊரிலும் இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்தார்கள். மயிரிழையில்தான் வென்றது, 50.6 சதவீதம். இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் 2016-ல் ஊர் மக்கள் வாக்களித்து, புதிதாகக் கட்டும் வீடு நிரந்தரமாகக் குடியிருப்பவருக்கே என்று விதித்தார்கள். ஆனால் அந்த விதி பழைய வீடுகளைத் தொடாது. விடுமுறைக்காரர் அதை வாங்கத் தடை ஏது? ஒரு கதவை மூடினால் பக்கத்துக் கதவையும் பார்க்க வேண்டும்.

ஜப்பானின் ஷிராகவா-கோ பற்றி எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். புல்வேய்ந்த செங்குத்துக் கூரை வீடுகள். 1971-ல் ஊரார் சேர்ந்து 'விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே' என்று மூன்று உறுதி எடுத்தார்கள். 1995-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே கூரை மாற்ற ஊரே ஒன்று கூடும். ஆள் இருந்ததால் அது முடிந்தது. ஆள் போன பிறகு எங்கள் ஊரில் அந்த மூன்று உறுதியையும் எடுத்து என்ன பயன்?

மேட்டுக்கழனி:

எல்லாருக்கும் நன்றி. ஓடைக்கரை, அது பள்ளம்தான். வடமேற்கு மூலையில் தண்ணீர் நிற்கும். இது கூட்டத்தில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. பூட்டுச்சாவி, உங்கள் கதைதான் எனக்குக் கலக்கமாக இருக்கிறது. வீடு வந்தாலும் எங்கள் பிள்ளைகள் வாங்கும் விலையில் இருக்குமா?

கடைமடை:

நான் நிலம் கொடுத்தவன். இந்த மாதிரி பேச்சுகளில் எங்களை வில்லனாக்கிவிடுவார்கள். விவசாயத்தில் வருமானம் இல்லை, பிள்ளைகள் திரும்ப வரவில்லை, பக்கத்து நிலம் மனையாகிவிட்டது. விற்காமல் என்ன செய்வது? ஆனால் விற்பதிலும் விதம் இருக்கிறது.

இங்கிலாந்தில் ஓர் ஏற்பாடு உண்டு. வழக்கமாக வீடு கட்ட அனுமதி கிடைக்காத, ஊரின் விளிம்பில் உள்ள சிறு நிலத்துக்கு விதிவிலக்காக அனுமதி தருவார்கள். அங்கே வருகிற வீடுகள் அந்த ஊரோடு தொடர்புள்ளவர்களுக்கு, குறைந்த விலையில், என்றென்றைக்கும் அப்படியே இருக்க வேண்டும். நிலத்துக்குக் கிடைக்கும் விலை வயல் விலையைவிட அதிகம், மனை விலையைவிட மிகக் குறைவு. நானும் அந்த வழியில்தான் ஒரு துண்டு நிலம் கொடுத்தேன். மீதியைச் சந்தை விலைக்கே விற்றேன், தியாகி வேஷம் போடவில்லை.

வீடுகள் வந்துவிட்டன. ஒன்றில் பள்ளி ஆசிரியை இருக்கிறார், ஒன்றில் பால்பண்ணையில் வேலை செய்கிற பையன்.

மேட்டுக்கழனி:

ஐயா, அந்த 'ஊரோடு தொடர்புள்ளவர்' நிபந்தனையை எப்படி எழுதினீர்கள்? மறுபடி விற்கும்போது மீற மாட்டார்களா?

கடைமடை:

பத்திரத்திலேயே எழுதினோம், அதனால் வாங்குகிறவர் மாறினாலும் நிபந்தனை வீட்டோடு போகும். இங்கே பிறந்தவர், இங்கே வேலை செய்பவர், பெற்றோர் இங்கே இருப்பவர் என்று வரிசை. குறிப்பிட்ட காலத்துக்குள் யாரும் முன்வராவிட்டால் பக்கத்து ஊர்களுக்குப் போகும், பிறகு அதற்கும் அப்பால். இப்படி விரிவதற்கு வழி வைக்காவிட்டால் வீடு ஆளில்லாமல் கிடக்கும்.

சிக்கல் வந்தது வங்கியில். கடனைக் கட்டாமல் போனால் இந்த வீட்டை நாங்கள் யாருக்கு விற்பது என்று கேட்டு மறுத்துவிட்டார்கள். வங்கி கையகப்படுத்தினால் மட்டும், முதலில் ஊருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு நிபந்தனை விலகும் என்று ஒரு வரி சேர்த்தோம். கடன் கிடைத்தது. நீங்கள் செய்வதானால் பதிவுக்கு முன்பே வரைவை வங்கியிடம் காட்டிவிடுங்கள். பதிந்த பிறகு ஒரு வரி மாற்ற வேண்டுமானாலும் எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும், அதில் ஒருவர் எப்போதும் வெளியூரில்தான் இருப்பார்.