ஊரடங்கில் உண்டதும் நடந்ததும்: உடல்நலம் தேறியதா, கெட்டதா?

மாடிநடையர்:
2020 மார்ச் 24 அன்று மாலை தமிழகத்தில் ஊரடங்கு தொடங்கியதிலிருந்து நம் உணவும் உடற்பயிற்சியும் சீரழிந்துவிட்டதாகப் பலர் எழுதுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. உணவகங்களில் அமர்ந்து உண்ண வழியில்லாததால், பரோட்டாவும் சால்னாவுமாக இரவைக் கழித்த குடும்பங்கள்கூட வீட்டில் சமைத்துச் சாப்பிட்டன. காலையில் கபசுரக் குடிநீர், மாலையில் மொட்டை மாடியில் எட்டு வடிவ நடை என்று, உடற்பயிற்சியின் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களும் ஓர் ஒழுங்குக்கு வந்தார்கள்.

நாலுமணிக் காப்பி:
வீட்டில் செய்தது என்பதாலேயே ஒரு பண்டம் உடம்புக்கு நல்லதாகிவிடாது, ஐயா. எல்லோரும் வீட்டிலேயே இருந்ததால், மாலை நான்கு மணியானால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வாணலி அடுப்பில் ஏறும். கடலை மாவில் தோய்த்த வாழைக்காய் எண்ணெயில் விழும் ஓசை சன்னல் வழியே கேட்கும். கபசுரக் குடிநீரின் கசப்பைச் சாக்காகச் சொல்லி இரண்டு பஜ்ஜி கூடுதலாகத் தின்றவர்களையும் நான் அறிவேன். இவ்வளவையும் சமைத்தது யார்? நான்கு வேளையும் அடுப்படியில் நின்றவளுக்கு மாடியில் எட்டுப் போட நேரம் ஏது?

ரயிலடி:
அன்றாட நடையை நீங்கள் இருவருமே கணக்கில் சேர்க்கவில்லை. தாம்பரத்தில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கி வேலைக்குப் போனவர், நடைமேம்பாலப் படிகளையும் நிலையத்திலிருந்து அலுவலகம் வரையிலான தொலைவையும் உடற்பயிற்சி என்று ஒருநாளும் எண்ணியதில்லை. ரயில் நின்றபோது அதுவும் நின்றுபோனது. சென்னையில் மாநகரப் பேருந்துகள் செப்டம்பர் 1 வரை பொதுமக்களுக்கு ஓடவில்லை, மெரினா டிசம்பர் 14 வரை திறக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைத்ததோடு, உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறைக்கவும் சொன்னது. மடிக்கணினியின் முன் பத்து மணி நேரம் அமர்ந்தவருக்கு அரைமணி மாடிநடை எந்த மூலைக்கு?

நாலுமணிக் காப்பி:
தேசியக் குடும்பநல ஆய்வையும் பாருங்கள். தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள் 2015-16 சுற்றில் 30.9 விழுக்காடு, 2019-21 சுற்றில் 40.4 விழுக்காடு.

மாடிநடையர்:
அந்த எண்ணை இங்கே சான்றாகக் கொள்ள முடியாது, அம்மா. இரு சுற்றுகளுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்தாண்டுகள் இருக்கின்றன. பிந்தைய சுற்றின் களப்பணியில் ஒரு பகுதி, ஊரடங்குக்கு முன்பே தமிழகத்தில் முடிந்துவிட்டது. நெடுங்காலமாக ஏறிவந்த எடையைச் சில மாதங்களின் தலையில் கட்டுவது முறையன்று.

மண்டிக்காரன்:
மாடியும் மடிக்கணினியும் இல்லாதவர்களைப் பற்றி இதுவரை ஒருவரும் பேசவில்லை. 2020 மே 5 அன்று கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, காய்கறி வணிகம் திருமழிசைக்குப் போனபோது, விடியுமுன் மூட்டை தூக்கியவர்களில் பலர் வேலையின்றி ஒற்றை அறைக்குள் அடைந்து கிடந்தார்கள். உழைப்பும் கூலியும் ஒருசேரப் போயின. ரேஷனில் இலவச அரிசி கிடைத்ததால் பசி ஓரளவு தணிந்தது. ஆனால் காயும் மீனும் முட்டையும் காசு கொடுத்தால்தானே வரும்? பள்ளிகள் மூடியதால் பிள்ளைகளுக்குச் சத்துணவுக் கூடத்தில் கிடைத்த சூடான சாப்பாடும் நின்றது. தட்டில் சோறு குவிந்தது, தொட்டுக்கொள்ள ஊறுகாய்தான் இருந்தது.

மாடிநடையர்:
அவர்களுக்கு என் வாதம் பொருந்தாது. நான் பேசியது வீட்டிலிருந்து வேலை பார்த்த மாதச் சம்பளக்காரர்களைப் பற்றியே. அவர்களில் பலர் அன்று பழகிய நடையை இன்றும் விடவில்லை.

ரயிலடி:
விட்டவர்களையும் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், நண்பரே. எங்கள் குடியிருப்பின் மாடியில் எட்டு வடிவம் வரைந்த சுண்ணாம்புக் கோட்டின் மேல் இப்போது வற்றல் காய்கிறது.