அன்றில் எந்தப் பறவை? பறவை பார்ப்பவர்கள் உதவ வேண்டும்

வணக்கம். பிளஸ் ஒன் மாணவர்களுக்குச் சங்கப் பாடல்களில் வரும் பறவைகளைப் பற்றி ஒரு வகுப்பு எடுக்கப் போகிறேன். காக்கை கரைந்தால் விருந்து வரும் என்பது அவர்களுக்கே தெரியும், குறுந்தொகையிலும் (210) இருக்கிறது. அன்றிலுக்குத்தான் உங்கள் துணை தேவை.

பிரிவுத் துயருக்கு இதைவிடப் பொருத்தமான பறவை கிடையாது. குறுந்தொகை 160-இல் ஆணுக்கு நெருப்புப் போன்ற செந்தலை, பெடைக்கு இறால் போல் வளைந்த அலகு. எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள்! நற்றிணை 303-இல் ஊர்ப் பொதுவிடத்துப் பனைமடலில் கூடு. அதன் குரல் கேட்டுத் தலைவி தூக்கமின்றித் தவிக்கிறாள். உச்சந்தலையில் சிவப்புத் திட்டு உள்ள கருப்பு அரிவாள் மூக்கனே அன்றில் என்பார்கள். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது.

அது பனையில் கூடு கட்டியதை யாராவது பார்த்திருக்கிறீர்களா? இரவில் கத்துமா? படமோ குரல் பதிவோ இருந்தால், எந்த ஊர், எந்த மாதம் என்ற குறிப்போடு இங்கேயே போடுங்கள். அப்புறம், உங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அன்றிலைப் பற்றி ஏதாவது சொல்வதுண்டா? அதையும் எழுதுங்கள்.