1970 செவெல்: இன்டேக் மேனிஃபோல்ட் மாற்றியதும் நீலப்புகை, உதவி தேவை

வண்டி 1970 செவ்ரோலே செவெல், 350 கன அங்குல ஸ்மால் பிளாக் வி8 இன்ஜின். இடம் டெட்ராய்ட் பக்கம். பழைய வார்ப்பிரும்பு இன்டேக் மேனிஃபோல்டை (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்று-பெட்ரோல் கலவையைக் கொண்டுபோகும் பாகம்) எடுத்துவிட்டு, அலுமினிய டூயல் பிளேன் (உள்ளே பாதை இரண்டு தளமாகப் பிரிந்த) மேனிஃபோல்டைப் போன வாரம் மாட்டினேன். அன்றிலிருந்து ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது) இன்ஜின் குலுங்குகிறது. மேனிஃபோல்டுக்குள் இருக்கும் வேக்யூம் (உறிஞ்சும் வெற்றிடம்) 18 அங்குலப் பாதரசத்திலிருந்து 13-க்கு இறங்கிவிட்டது. சைலன்சரில் நீலப்புகை வேறு.

இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) சரியாக இருக்கிறது. கார்புரேட்டர் பழையதே, அடி கேஸ்கெட் (இணைப்பில் கசிவை அடைக்கும் தகடு) மட்டும் புதுசு. மேனிஃபோல்டின் முன், பின் ஓரங்களில் கார்க் சீலுக்குப் பதில் சிலிகான் (கார்க் எப்படியும் பிதுங்கிக்கொண்டு வெளியே வரும்). போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிப்படியாக 30 அடி-பவுண்ட் வரை இறுக்கினேன். மேனிஃபோல்ட் ஓரமெல்லாம் கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்த்தும் ஆர்பிஎம் அசையவில்லை (வெளிப்பக்கம் கசிவு இருந்தால் மாறும்). அப்புறம் பிசிவி குழாயையும் பிரீதரையும் (இன்ஜினின் ஆயில் பகுதிக்குக் காற்று போய்வரும் வழிகள்) அடைத்துவிட்டு ஆயில் ஊற்றும் வாயில் கையை வைத்தேன், உள்ளே இழுக்கிறது! ஆக, இன்டேக் போர்ட்டின் (மேனிஃபோல்டிலிருந்து ஹெட்டுக்குள் கலவை நுழையும் துளை) அடிப்பக்கத்தில் கேஸ்கெட் உட்காரவில்லை. அந்த வழியாக ஆயிலை உறிஞ்சுகிறது என்பது என் கணிப்பு.

இன்னொரு விஷயம், முந்தைய உரிமையாளர் சிலிண்டர் ஹெட்டுகளைச் சீவியிருக்கிறார் (மெஷினில் பரப்பைக் குறைப்பது), அதனால் மேனிஃபோல்ட் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். எவ்வளவு என்று அவருக்கே நினைவில்லை.

மெல்லிய கேஸ்கெட் போட்டால் போதுமா, மேனிஃபோல்டையும் மெஷின் ஷாப்பில் கொடுத்துச் சீவத்தான் வேண்டுமா?