மறுமொழி: டிராஃபிக் ஷேப்பிங் – "மதகிடல்" சரிவருமா?

அன்பின் ஐயா, வணக்கம். கணினி வலைப்பின்னலில் பொதிகள் (பாக்கெட்) வெளியேறும் அளவை ஒழுங்குபடுத்தும் டிராஃபிக் ஷேப்பிங்குக்கு எந்தத் தமிழ்ச்சொல் என்பதுதான் கேள்வி.

> "போக்குவரத்து வடிவமைப்பு" என்றே வைத்துவிடலாமே?

வைக்கலாம், மதுரை மாட்டுத்தாவணியில் பஸ்கள் நிற்கும் தடத்தைத் திட்டமிடும் பாடம் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்வார்கள். "வேகக் குறைப்பு" அதைவிட மோசம். ஒரு கிகாபிட் துறைக்கு (போர்ட்) 100 மெகாபிட் என்று அளவு கொடுத்தாலும், ஒவ்வொரு பொதியும் கிகாபிட் வேகத்தில்தான் கம்பியில் இறங்குகிறது. மாறுவது பொதிகளுக்கு நடுவே விழும் இடைவெளிதான். வில்லை (டோக்கன், பொதியை அனுப்புவதற்கான அனுமதி) சேர்ந்தால் பொதிகளின் வரிசை திறக்கும், தீர்ந்தால் மூடும், அதுவரை பொதி உள்ளே காத்திருக்கும்.

தேக்கி வைத்து, அளவறிந்து திறந்து மூடும் இந்த வேலையை மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களில் நீர்பாய்ச்சி காலங்காலமாகச் செய்துவருகிறார். ஆகவே மதகிடல். துறை முழுவதற்கும் என்றால் துறைமதகு, ஒரு வரிசைக்கு மட்டும் என்றால் வரிசைமதகு.

> அப்படியானால் போலீசிங்குக்குக் "கலிங்கு" பொருந்துமே?

கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் ஒப்ப முடியாது. கண்மாய் நிரம்பியதும் கலிங்கு வழியாக மறுகால் பாயும் மிகைநீர் அடுத்த கண்மாய்க்குப் போய்ச் சேரும். போலீசிங்கில் அளவை மீறிய பொதி பெரும்பாலும் அங்கேயே கைவிடப்படுகிறது. அனுப்பியவர்தான் மறுபடி அனுப்ப வேண்டும். அதற்கு "மிகைவெட்டு" என்று வெட்டொன்றாகச் சொல்லிவிடலாம். இணைப்பு தருபவர் 100 மெகாபிட்டில் மிகைவெட்டு வைத்திருந்தால், நம் பக்கத்துத் துறைக்கு 95 மெகாபிட்டில் மதகிடுவது வழக்கம். இரண்டையும் "கட்டுப்பாடு" என்ற ஒரே சொல்லில் அடைத்தால் இந்த வாக்கியத்தையே எழுத முடியாது.

வரிசைமதகுக்குத் தனிப்பெயர் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டும். 802.1பி என்ற வலைப்பின்னல் தரத்தில் பொதியின் முன்னுரிமைக்கு 3 பிட், அதாவது 8 நிலைகள். பல சுவிட்சுகளில் துறைக்கு 8 வரிசைகள் இருப்பது அதனால்தான். கண்டிப்பான முன்னுரிமை வைத்தால், உச்ச வரிசையில் ஒரு பொதி இருக்கும்வரை கீழ்வரிசைகளுக்கு முறை வராது. உச்ச வரிசைக்கு ஓர் அளவு வைத்து மதகிடாவிட்டால் கடைசி வரிசை, கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடை வயலாகக் காயும். "கடைமடை" என்ற சொல்லைப் பாடத்தில் போட்டுப் பாருங்கள். பாசனக் கால்வாய் ஓடும் கள்ளந்திரிக்கு அப்பாலிருந்து வரும் மாணவருக்கு விளக்கமே தேவைப்படாது.

*

(இம்மடலுக்கு வந்த பதில்) ஐயா, மதகிடல் எனக்குச் சம்மதம். வினையாகவும் மடங்குகிறது: "மூன்றாம் துறையின் ஏழாம் வரிசைக்கு 10 மெகாபிட்டில் மதகிடுக." மதகிட்ட வரிசை, மதகிடா வரிசை என்றும் தடையின்றி வருகிறது. "மட்டுறுத்தல்" (மாடரேஷன்) என்ற சொல்லைப் பரிந்துரைத்தவர் மன்னிக்க வேண்டும். அது மடலாடற்குழு நடத்துபவர்களிடம் போய் வெகுகாலம் ஆகிறது.

பர்ஸ்ட் சைஸ்தான் பாக்கி. "வெடிப்பளவு" வேண்டவே வேண்டாம். சேர்ந்திருக்கும் வில்லைகளைக் கொண்டு ஒரே மூச்சில் விடக்கூடிய அளவு என்பதால் "ஒருமூச்சளவு" என்று கையேட்டில் இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். இதைவிடச் சிறியது கிடைத்தால் அனுப்புங்கள், திரைப்பெட்டியில் இடம் குறைவு.